தம்பியின் கடைவாய்ப் பல்

மூன்று வாரமாகத் தம்பி தன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். ராத்திரி தூக்கம் இல்லை. இட்லியைக்கூட வாயில் வாங்கித் துப்பிவிடுவான். அவனுக்கு மூளை முடக்குவாதம், வயது 26, பேச்சு வராது. பிடிவாதம் கூடிவிட்டது என்று நினைத்துத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு வலிக்கிறது. ஒரு நாள் அவன் கொட்டாவி விட்டபோது அம்மா செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தாள். நான்கு பல்லில் சொத்தை. அறைந்து அறைந்து அவன் சொன்னது அதைத்தான்.

முதலில் போன கிளினிக் மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. அப்பாவும் நானும் தூக்கிக்கொண்டு ஏறினோம். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இவர் உட்கார மாட்டாரும்மா. அடைக்கிறதெல்லாம் சரிப்படாது, நாலையும் எடுத்துடலாம்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அதே சொத்தையோடு நான் போயிருந்தால், எடுத்த எடுப்பில் பிடுங்கலாம் என்றிருப்பாரா?

பல் போனால் எனக்குக் கட்டுப்பல் உண்டு. தம்பிக்கு வலிப்பு வரும். கழற்றி மாட்டும் பல் தொண்டைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிறவனுக்கு ஒவ்வொரு கடைவாய்ப் பல்லும் சோறுதான். அதனால் அவனைப் போன்றவர்களின் பல்லைக் காப்பாற்ற மற்றவர்களுக்கு எடுப்பதைவிட அதிக முயற்சி எடுக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது.

அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். மாற்றுத்திறனாளிகளைக் கையாளும் பயிற்சி அந்தப் பிரிவில்தான் கிடைக்கிறது. முதல் இரண்டு நாள் அங்கிருந்த டாக்டரம்மா ஒரு கருவியையும் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, சின்னக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, பல்லை எண்ணிவிட்டு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் டிரில் இல்லை, சத்தம் இல்லை, வாயில் தண்ணீர் பீய்ச்சவும் இல்லை (அந்தத் தண்ணீரில்தான் அவனுக்குப் புரையேறும்). கையால் சுரண்டும் கருவியால் சொத்தையை மட்டும் எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து இரண்டு பல்லை அடைத்தார். மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக 1980களில் தான்சானியாவில் உருவான முறை இது. முன்பல்லில் ஆரம்பச் சொத்தை. அதில் சில்வர் டையமின் ஃபுளோரைடு மருந்தைத் தொட்டு வைத்தார். சொத்தை பெரும்பாலும் அதோடு நிற்கும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும் என்று முதலிலேயே சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கறுப்பில் வருத்தம்தான். எனக்கு இல்லை. நான்காவது பல் வேர்வரை போயிருந்ததால் மரக்க ஊசி போட்டு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. சரி, நான்கில் மூன்று தப்பித்தன.

அடைத்த சிமென்ட், தொட்டு வைத்த சில்வர் மருந்து, இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிடைக்காத மருந்தும் இல்லை, பெரிய மெஷினும் வேண்டாம். வேண்டியது நேரம். சிலருக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும் என்பது உண்மை. அப்படிக் கொடுத்தால் அந்த ஒரே மயக்கத்தில் அடைக்க வேண்டியதையெல்லாம் அடைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தடையில்லாமல் உள்ளே போய்வரும் வசதியும் சிகிச்சையில் முன்னுரிமையும் வேண்டும் என்கிறது. வசதி விஷயத்தில் தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்தே சொல்கிறது. மாடிப்படியில் தம்பியைத் தூக்கி ஏறிய அன்று எனக்கு இது தெரியாது.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. வருடக்கணக்காக வலிப்புக்கான இனிப்பு சிரப்பைத் தூங்கும் முன் கொடுத்து அப்படியே படுக்க வைத்தோம். குழைத்த சோறு கன்னத்தில் ஒதுங்கினால் அவன் நாக்கால் அதை எடுக்க முடியாது என்றும் யோசிக்கவில்லை. இப்போது மருந்துக்கு அப்புறம் ஈரத்துணியால் துடைத்து, ஃபுளோரைடு பேஸ்ட் தொட்டுத் தேய்த்துவிடுகிறோம். வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கிறோம்.

உங்கள் ஊரில் இப்படிப் பொறுமையாகப் பல் அடைக்கிற டாக்டர் இருந்தால் ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். தரைத்தளமா மாடியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.