எட்டு வாக்கா, எட்டுச் சாவடியா?

(அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் முடிதிருத்தும் கடை. 2012 செப்டம்பர். அவ்வாண்டு ஜனவரியில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்காக அந்த மாநிலத்துக் கட்சியினர் வாக்களித்திருந்தார்கள்.)

வாடிக்கையாளர்: ஜனவரியில் முடிந்துபோன பந்தயத்துக்குச் செப்டம்பரில் காசு கேட்பது எந்த ஊர் நியாயம்? அயோவாவில் மிட் ராம்னி வென்றார், ரிக் சான்டோரம் தோற்றார், நீங்கள் எனக்குக் காசு வாங்காமல் முடி வெட்டினீர்கள். அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

கடைக்காரர்: தீரவில்லை. அன்றைக்கு வெட்டியதற்கு உரிய 12 டாலரை வைத்துவிட்டு உட்காருங்கள்.

வாடிக்கையாளர்: எதற்கு? எட்டு இருந்ததா, இல்லையா?

கடைக்காரர்: இருந்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? எட்டுதான் காணாமல் போய்விட்டதே.

வாடிக்கையாளர்: எப்படிக் காணாமல் போகும்? அந்த எட்டுதான் ராம்னியை வெல்ல வைத்தது.

கடைக்காரர்: காணாமல் போனதுதான் வெல்ல வைத்தது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

வாடிக்கையாளர்: வம்பு பேசாதீர்கள். ஜனவரி 3 இரவு கண் விழித்து உட்கார்ந்திருந்தேன். நள்ளிரவு கடந்த பிறகு மாநிலக் கட்சித் தலைவரே வந்து வாசித்தார். ராம்னி 30,015, சான்டோரம் 30,007. கழித்துப் பாருங்கள்.

கடைக்காரர்: ஓ, நீங்கள் சொல்வது எட்டு வாக்கு. நான் சொல்வது எட்டு வாக்குச்சாவடி. மாநிலத்தில் இருந்த 1,774 சாவடிகளில் எட்டுச் சாவடிகளின் கையெழுத்திட்ட படிவம் கட்சி அலுவலகத்துக்கு வந்து சேரவே இல்லை. வந்தவற்றைச் சரிபார்த்து ஜனவரி 19 அன்று வெளியிட்டபோது சான்டோரத்துக்கு 29,839, ராம்னிக்கு 29,805. இதையும் கழியுங்கள், உங்களுக்குக் கழித்தல் நன்றாக வருகிறது.

வாடிக்கையாளர்: 34 வருகிறது. ஆனால் தொலைக்காட்சியில் எட்டு என்றார்களே.

கடைக்காரர்: அப்பனூஸ் மாவட்டத்தில் வாக்கு எண்ணும்போது உடனிருந்த ஒருவர், தம் சாவடியில் ராம்னிக்கு விழுந்தவை 2 வாக்குகள்தான் என்றும், மேலே போய்ச் சேர்ந்தபோது அது 22 ஆகிவிட்டது என்றும் அந்த வாரமே சொன்னார். ஒரு 2 தனியாக இருக்கப் பயந்து துணைக்கு இன்னொரு 2-ஐக் கூட்டிக்கொண்டு போனால், உங்கள் எட்டு என்ன ஆகும்?

வாடிக்கையாளர்: தொலைக்காட்சியில் எட்டு என்றார்களே.

கடைக்காரர்: சான்டோரம் 2011-இல் ஆதரவாளர் ஒருவரின் பிக்கப் டிரக்கில் உட்கார்ந்து இந்த மாநிலத்தின் 99 மாவட்டங்களையும் சுற்றினார். நம் ஊர் பீட்சா ரான்ச் உணவகத்துக்கு வந்தபோது கையில்லாத ஸ்வெட்டரோடு நின்று ஒரு மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தது நானும் ஒரு குடும்பமும்; அந்தக் குடும்பமும் கோழிக்கறி தீர்ந்ததும் எழுந்து போய்விட்டது. அப்போது உங்கள் தொலைக்காட்சி எங்கே இருந்தது?

வாடிக்கையாளர்: போட்டியில் இருந்த மிஷேல் பாக்மன் வீட்டு வாசலில் இருந்தது. பிறகு ரிக் பெர்ரி, பிறகு ஹெர்மன் கெய்ன், பிறகு நியூட் கிங்ரிச். ஒவ்வொருவருக்கும் ஓர் அலை அடித்தது, நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

கடைக்காரர்: அலை அடிக்க ஆள் தீர்ந்துபோன பிறகு, டிசம்பர் கடைசியில்தான் சான்டோரம் என்று ஒருவர் இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது.

வாடிக்கையாளர்: பட்டதல்லவா? ‘சான்டோரம் வேகம் பிடித்துவிட்டார்’ என்று சொன்னதும் அதே தொலைக்காட்சிதான்.

கடைக்காரர்: வேகம் பிடித்தவர் முதலில் வந்து சேர்ந்தபோது, அவரை இரண்டாவது என்று சொன்னதும் அதேதான்.

வாடிக்கையாளர்: உங்களுக்கு அவர் மேல் அப்படி என்ன பாசம்? அவருக்கா வாக்களித்தீர்கள்?

கடைக்காரர்: இல்லை. அவர் கொள்கை எனக்கு ஆகாது. ஆனால் வென்றவனைக் கூப்பிட்டு, ‘தோற்றாலும் நன்றாக ஓடினாய் தம்பி’ என்று முதுகில் தட்டி அனுப்பினால் பார்க்கிறவனுக்கே எரிகிறது. இந்த மாநிலத்து வாக்கில் என்ன பெரிய கனம் இருக்கிறது? மறுநாள் காலைத் தலைப்புச் செய்திதான் பரிசு. அதைப் பார்த்துத்தான் பணக்காரன் காசோலைப் புத்தகத்தை எடுக்கிறான். அந்தத் தலைப்பு 16 நாள் ராம்னியிடம் இருந்தது. நடுவில் ஜனவரி 10 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமும் அவருக்குப் போனதும், இரண்டையும் சேர்த்து வென்ற வீரர் என்று எழுதித் தள்ளினார்கள். திருத்தம் வந்தது 19-ஆம் தேதி; 21-ஆம் தேதி தென் கரோலினாவில் கிங்ரிச் வென்றுவிட்டதால், திருத்தத்துக்கு ஆயுள் இரண்டு நாள். அதிலும் கட்சி முதலில் ‘யாரும் வென்றதாகச் சொல்ல முடியாது’ என்று இழுத்து, பிறகுதான் சான்டோரம் வென்றார் என்றது.

வாடிக்கையாளர்: என்ன பேசினாலும், போன மாதம் டாம்பா நகரில் நடந்த கட்சியின் தேசிய மாநாட்டில் வேட்பாளரானவர் ராம்னிதான். ஆகவே அயோவாவும் அவருடையதுதான்.

கடைக்காரர்: டாம்பாவில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் யாருக்கு வாக்களித்தார்கள்?

வாடிக்கையாளர்: ராம்னிக்கு.

கடைக்காரர்: ரான் பாலுக்கு.

வாடிக்கையாளர்: அவர் இங்கே மூன்றாவதாக வந்தவர் அல்லவா!

கடைக்காரர்: மூன்றாவதாக வந்தவர்தான். அன்றிரவு பள்ளிக்கூடத்தில் சீட்டில் பெயர் எழுதிப் போட்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள்?

வாடிக்கையாளர்: வீட்டுக்கு ஓடினேன், தொலைக்காட்சியில் முடிவைப் பார்க்க.

கடைக்காரர்: நீங்கள் ஓடிய பிறகுதான் மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் போட்ட சீட்டு எந்தப் பிரதிநிதியையும் கட்டுப்படுத்தாது என்று தெரிந்து வைத்திருந்த பாலின் ஆட்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறி டாம்பா வரை போய்விட்டார்கள். சீட்டுகளை பாப்கார்ன் வாளியிலிருந்து மேசையில் கொட்டி எண்ணியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைக் கண்ணால் பார்த்தேன்.

வாடிக்கையாளர்: ஆக, இரவில் வென்றவர் ராம்னி, எண்ணிக்கையில் வென்றவர் சான்டோரம், ஆள் அனுப்பியதில் வென்றவர் பால். பந்தயத்தில் வென்றது யார்?

கடைக்காரர்: பால் மேல் கட்டியவர்.

வாடிக்கையாளர்: அப்படி யாரும் கட்டவில்லையே.

கடைக்காரர்: அதனால் அந்த 12 டாலர் கடைக்கு. தலையைக் குனியுங்கள்.

வாடிக்கையாளர்: போகட்டும். நவம்பரில் ஒபாமாவா, ராம்னியா? தைரியம் இருந்தால் இன்னொரு பந்தயம் கட்டுங்கள் பார்ப்போம்.

கடைக்காரர்: தாராளமாகக் கட்டுகிறேன், எண்ணி முடித்த பிறகு.