இசிஜி இயல்பாக இருந்தால் மட்டும் போதாது
இசிஜியும், ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் இயல்பாக இருந்தால் பக்கவாதத்துக்கு இதயம் காரணமல்ல என்று பக்கவாதம் பற்றிய ஒரு கட்டுரை அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. இசிஜி பதிவு செய்வது பத்து நொடித் துடிப்பைத்தான். இதயத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கக் காரணமாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்போ பலருக்கு வந்து வந்து போவது. என் பெரியப்பாவுக்கு வலது கை விழுந்து, பேச்சுக் குழறியபோது இசிஜி, எக்கோ, 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனை எல்லாம் இயல்பு என்று எழுதி, ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து, இரத்த அழுத்தம் பார்க்க மணிக்கட்டைப் பிடித்த செவிலியர் நாடி ஒழுங்கில்லாமல் ஓடுவதை உணர்ந்து, கையோடு இசிஜி எடுக்கவைத்தார்; அப்போதுதான் பிடிபட்டது. 2014இல் வெளியான கிறிஸ்டல் ஏஎஃப் ஆய்வில், காரணம் புலப்படாத பக்கவாதம் வந்தவர்களுக்குத் தோலுக்கடியில் சிறு கருவி பொருத்திக் கண்காணித்தார்கள். ஓராண்டில் 12.4 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு தென்பட்டது. வழக்கமான முறையில் 2 சதவீதம்தான். மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவிலும் இதயத்தின் இடது மேலறையின் ஓரப்பையில் உறைந்திருக்கும் இரத்தக்கட்டி பெரும்பாலும் தெரியாது. அதற்கு உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ வேண்டும். இத்தனை சோதனை எதற்கு, உறைவைத் தடுக்கும் மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2018இல் வெளியான நேவிகேட் ஈசஸ் ஆய்வில், இதயத் துடிப்புக் கோளாறு கண்டறியப்படாத இத்தகைய நோயாளிகளுக்கு ரிவராக்சபான் என்னும் உறைவுத் தடுப்பு மாத்திரை கொடுத்தபோது, ஆஸ்பிரினைவிட மறுபக்கவாதம் குறையவில்லை, இரத்தக்கசிவுதான் கூடியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானவர்களுக்கு அந்த வகை மாத்திரை நன்றாகவே கைகொடுக்கிறது. எனவே காரணம் தெரியவில்லை என்று சீட்டில் எழுதினால், நீண்ட நாள் துடிப்புக் கண்காணிப்பு தேவையா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.