தடைக்குப் பிறகு வீட்டில் புகை கூடியதா?

பாரிலும் அலுவலகத்திலும் புகைபிடிக்கத் தடை போட்டால் புகைப்பவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊதுவார்கள், கடைசியில் குழந்தைகள்தான் கூடுதல் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று மேலே பலர் எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். அமெரிக்கத் தரவை வைத்து 2010இல் அப்படிச் சொன்ன ஓர் ஆய்வும் உண்டு. ஆனால் தடை வந்தாலே இதுதான் நடக்கும் என்பது சரியில்லை.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 அன்று தடை அமலானது. அதற்குச் சற்று முன்பும், ஓராண்டு கழித்தும், 11 வயதை ஒட்டிய பள்ளிப் பிள்ளைகளின் உமிழ்நீரில் கோட்டினின் அளவைப் பார்த்தார்கள். நிகோடின் உடலுக்குள் சிதைந்து உருவாகும் பொருள் அது. கடந்த சில நாட்களில் எவ்வளவு புகை உள்ளே போனது என்று காட்டிக்கொடுத்துவிடும். யாருடைய வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. புகைக்காத பிள்ளைகளிடம் சராசரி மில்லிலிட்டருக்கு 0.36 நானோகிராமிலிருந்து 0.22 ஆக, அதாவது சுமார் 39% குறைந்திருந்தது. அம்மா புகைக்கும் வீடுகளில் மட்டும் குறிப்பிடத்தக்க இறக்கம் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு உதவி தேவை. ஆனால் புகை வீட்டுக்கு இடம்பெயர்ந்ததற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை.

நீங்களே பார்க்கலாம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், 2007, ஸ்காட்லாந்து, கோட்டினின் என்று ஆங்கிலத்தில் தேடினால் கட்டுரை கிடைக்கும். சுருக்கத்தோடு நிறுத்தாமல், வீட்டில் யார் புகைக்கிறார் என்பதை வைத்துப் பிரித்திருக்கும் அட்டவணையையும் பாருங்கள்.