திறந்து பார்க்காத பெட்டி

எதிர்பாராத முடிவைக் கொண்ட சிறுகதைகள் மறுவாசிப்பைத் தாங்காது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ (1884) சிறுகதை ஒன்றே அதற்குப் போதுமான மறுப்பு. தோழியிடம் இரவல் வாங்கிய நகையைத் தொலைத்துவிட்டு, 36,000 பிராங்குக்கு அதேபோல் வேறொன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்து, அந்தக் கடனை அடைக்கப் பத்து ஆண்டுகள் பாடுபட்டுத் தேய்ந்துபோன மத்தில்து, தொலைந்தது மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும் போலி நகை என்பதைக் கடைசி வரியில்தான் அறிகிறாள்.

முடிவு தெரிந்தபின் மீண்டும் படித்துப் பாருங்கள். தொலைந்த நகையின் பெட்டியில் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்காரர் தம் கணக்கேடுகளைப் புரட்டிவிட்டு, நகையைத் தாம் விற்கவில்லை, பெட்டியை மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். உண்மை அங்கேயே கண்ணெதிரே கிடக்க, கணவனும் மனைவியும் பதற்றத்தில் அதைக் கடந்து போகிறார்கள். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் கடந்துபோனேன்.

புதிய நகையைக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறந்துவிடுவாளோ என்று மத்தில்து அஞ்சுகிறாள். அவள் திறக்கவில்லை. முதல் முறை நிம்மதி தந்த அந்த இடம் இரண்டாம் முறை நெஞ்சை அறுக்கிறது. ஏனெனில், தோழி திறந்து பார்த்திருந்தால் உண்மை அப்போதே வெளிப்பட்டிருக்கலாம்; பழைய நகை பிப்ரவரி முடிவதற்குள் கிடைத்துவிட்டால் புதியதை 34,000 பிராங்குக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அதை விற்ற கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.