குளத்தை மூட வந்த அதிகாரி

“ஐந்து ஐந்து பேராகச் சேருங்கோ, ஒரு நாடகம் போடுங்கோ.” நாடகமும் அரங்கியலும் பாடவேளையில் இப்படிச் சொல்லிவிட்டுக் கொப்பி திருத்த உட்கார்ந்துவிடும் ஆசிரியர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதன் பிறகு நடப்பதை எந்த வகுப்பிலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வகுப்புத் தலைவர் ராசா. முதலாம் பிள்ளை பேனையைப் பிடித்துக்கொண்டு வசனம் எழுதும். வாய் திறக்காத பிள்ளை மரம். மிஞ்சிய ஒரு பிள்ளை சுவரோரம் நிற்கும், “சேர், இவரை எந்தக் குழுவில விட?” என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்படியே கேட்பார்கள்.

பிள்ளைகளே தெரிவு செய்யட்டும், அதுதான் சுதந்திரம் என்பார்கள். ராசாவுக்குச் சுதந்திரம்தான், சரி. சுவரோரம் நிற்கிற பிள்ளைக்கு?

1978இல் நாடகக்காரர் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்து அரங்க விளையாட்டுகள் நமக்குப் பழக்கம். எல்லாரையும் நடக்க விட்டு, கை தட்டியதும் மூவர், நால்வராகச் சேரச் சொன்னால் குழு தானாக அமைந்துவிடும். நாலு பேர் போதும். ஏழு பேர் என்றால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், மிச்சப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். முதலில் வசனமே வேண்டாம், ஆடாமல் அசையாமல் சிலைபோல நின்று காட்டும் உறைநிலைக் காட்சி மட்டும். வாய்க்காரரின் கை அங்கே ஓங்காது.

இங்கிலாந்தின் நாடக ஆசிரியை டொரத்தி ஹீத்கோட் (1926–2011) 14 வயதில் பள்ளியை விட்டு நெசவாலைக்குப் போனவர். பிற்காலத்தில் வகுப்பில் அவரே பாத்திரம் ஏற்று மாணவரோடு நடிப்பார். எந்தப் பாத்திரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆசிரியர் ராசாவாக வந்தால் வகுப்பு பழையபடி அவருக்குக் கீழேதான். ஒன்றும் தெரியாத கந்தோர் ஆளாக வரட்டும்: “இந்தக் குளத்தை மூடச் சொல்லிக் கடிதம் தந்து அனுப்பியிருக்கினம். உங்கட ஊரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது.” முழு வகுப்பும் ஊர்ச்சனம். விரால் எப்போது பிடிபடும், மாடு எந்தப் பக்கம் இறங்கும், கோடையில் தண்ணீர் எவ்வளவு வற்றும் என்பதெல்லாம் முதலாம் பிள்ளைக்குத் தெரியாது. பின் வாங்குப் பிள்ளைக்குத் தெரியும். கந்தோர் ஆள் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்டாக வேண்டும், மற்றவர்களும் காது கொடுப்பார்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டி வந்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடுகிறது. நன்றாக நடிக்கிற பத்துப் பேருக்கு ஒத்திகை, மற்றவர்களுக்கு ‘சத்தம் போடாமல் இருங்கோ’. போட்டி நடக்கட்டும், நானும் கைதட்டுவேன். ஒத்திகையைப் பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்கவில்லை என்று அதிபரிடம் போகத்தான் செய்வார். அவரையே ஒரு நாள் கந்தோர் ஆளாக வரச் சொல்லிக் கேளுங்கள்.