‘ரோஜா’ முதலிடம், ‘தளபதி’ நான்காமிடமா?

பாம்பன், மண்டபம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. உலக இசை விமர்சகர்கள் கூடி 90களின் சிறந்த ஆல்பங்களை டைம் பத்திரிகையில் வரிசைப்படுத்தினார்களாம்; ‘ரோஜா’ முதலிடம், ‘தளபதி’ நான்காமிடம். இப்போது மீன்பிடித் தடைக்காலம் வேறு. கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டே, ஒரு கையில் போனைப் பிடித்தபடி, ராஜாவா ரகுமானா என்று சண்டை போடுகிறார்கள்.

தகவல் தவறு. சம்பந்தமில்லாத இரண்டு செய்திகளை யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள்.

2005ல் டைம் பத்திரிகையின் திரைப்பட விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ், எல்லாக் காலத்துக்குமான 10 சிறந்த திரையிசைத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் ‘ரோஜா’வும் ஒன்று. இது 90களுக்கான பட்டியல் அல்ல. விமர்சகர்கள் கூடிப் போட்டதும் அல்ல. ஒருவருடைய தேர்வு. ஓர் இசையமைப்பாளரின் முதல் படத்துக்கு இதுவே பெரிய பெருமை, அதற்கு மேல் பொய் எதற்கு?

‘தளபதி’ விஷயம் வேறு. 2002ல் பிபிசி உலக சேவை தன் 70ஆம் ஆண்டையொட்டி, உலகின் பிரபலமான பாடல் எது என்று நேயர்களிடம் வாக்கெடுத்தது. நான்காவதாக வந்தது ‘ராக்கம்மா கையத்தட்டு’ என்ற ஒரே பாட்டு, முழு ஆல்பம் இல்லை. முதலிடம் ஓர் அயர்லாந்துப் பாட்டுக்கு. விமர்சகர்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஆர்வமாக வாக்களித்த ரசிகர்கள்தான் முடிவு செய்தார்கள்.

சரி, சண்டை தொடரட்டும். ஆனால் அந்த ஃபார்வர்டை அழித்துவிடுங்கள்.