ராஜாளியில் ஹெலிகாப்டர் பள்ளியும் இருக்கிறது
அரக்கோணம் கடற்படை விமானதளமான ஐ.என்.எஸ். ராஜாளி பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் முழுக்க பி-8ஐ கடல் ரோந்து விமானம்தான், ஹெலிகாப்டருக்கு ஒரு வரிகூட இல்லையே சார். இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளத்தைக் கடற்படை எடுத்து 1992-ல் தளமாகத் திறந்தபோதே கொச்சியில் இருந்த ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்கே வந்துவிட்டது. கடற்படை, கடலோரக் காவல்படை பைலட்டுகள் சேத்தக் ஹெலிகாப்டரில் பழகுவது இங்கேதான். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அசையாமல் நிற்க வேண்டும், கொஞ்சம் காற்று அடித்தாலும் வால் ஒரு பக்கம் இழுக்கும், பார்க்கிறவனுக்கே கை வியர்க்கும். அப்புறம், 2024-ல் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட் அனாமிகா ராஜீவ் தேறி வந்ததும் இதே பள்ளியில்தான், அதையாவது போட்டிருக்கலாம்.